புகையிரதப் பாதுகாப்பு: பாடவிதானம் மாற வேண்டும்

நாவிதன்வெளியிலோ கல்முனையிலோ புகையிரதப் பாதை இல்லை. கொழும்புக்குப் புகையிரதத்தில் செல்ல விரும்பும் எமது மக்கள் மட்டக்களப்பு நிலையத்தையே நாடுகின்றனர். ஆயினும் அப்பாதையின் பாதுகாப்பு எம்மைச் சாராத விடயமன்று. அதில் பயணிப்போர் எமது உறவுகள். அதனை நாளை பராமரிக்கும் பொறியியலாளர்களுள், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் பயிலும் எமது பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

அவர்களுக்கு எதனைக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு விபத்துகளே விடை கூறுகின்றன. 2004 டிசம்பர் 26 இல் எமது கரையோரத்தைச் சிதைத்த அதே ஆழிப்பேரலை, தெற்கே பெரலியவில், மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதத்தையும் அடித்துப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆபத்தை அறிந்த பின்னரும் அதிகாரிகளால் அப்புகையிரதத்தை உரிய வேளையில் நிறுத்த முடியவில்லை. 2023 ஜூன் 2 இல் இந்தியாவின் பாலசோரில் 290 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமைக்கு, சமிக்ஞைச் சுற்றில் மேற்கொள்ளப்பட்ட வேலையின் தவறே காரணமென விசாரணை கண்டது. 2025 ஜூலை 8 இல் கடலூர் செம்மங்குப்பத்தில் பாடசாலை வேன் மீது புகையிரதம் மோதி மூன்று மாணவர்கள் பலியாயினர். கடவை மூடப்படும்வரை பச்சைச் சமிக்ஞை விழாது தடுக்கும் 'இன்டர்லொக்கிங்' ஏற்பாடு அங்கு இருக்கவில்லை.

இம்மூன்றிலும் தண்டவாளத்தின் வலிமைக் குறைவு காரணமன்று. தகவல் சென்றடையாமை, வேலை ஒழுங்கின் தளர்வு, மனிதத் தவறைத் தடுக்கும் ஏற்பாடின்மை என்பனவே உயிர்களைக் காவு கொண்டன. குடிசார், இயந்திர, மின் பொறியியல் எனத் துறைகளைத் தனித்தனியே கற்பித்தால் மட்டும் போதாது. விபத்துகள் அத்துறைகளுக்கு இடைப்பட்ட வெளியிலேயே பிறக்கின்றன.

எனவே விபத்து விசாரணை அறிக்கைகள் பாடநூல்களாக வேண்டும். மூன்று துறை மாணவர்களும் ஒரே குழுவாக அவற்றை ஆராய வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலும் சமிக்ஞைக் கூடத்திலும் களப்பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். சாரதியின் களைப்பும் கடவைக் காவலரின் பணிச்சுமையும் பரீட்சைக்குரிய விடயங்களாதல் அவசியம். மட்டக்களப்பு மார்க்கத்தில் ஹபரணைக்கு அருகே 2025 பெப்ரவரியில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தன. வேகக் கட்டுப்பாட்டையும் வனவிலங்கு நடமாட்டத்தையும் இணைத்து ஆராய்வதற்கு, எமது மாணவர்களுக்கு இதனைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பொறியியல் பீடங்களும் புகையிரதத் திணைக்களமும் ஒன்றிணைந்து இதற்கு வழிசெய்ய வேண்டும். ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் விசாரணைக் குழு அமைத்து அறிக்கையை அலுமாரியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. அவ்வறிக்கை வகுப்பறைக்கு வந்தாலே அடுத்த உயிர் காக்கப்படும்.