கொடுவாவை ஹால்ல வளர்க்காதீங்க

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன்.

இங்க கொல்கத்தாவுல எதிர் ஃப்ளாட் நண்பர் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி விரல் நீளத்துல ஒரு பேட்கி குஞ்சு வாங்கி ஹால் தொட்டில விட்டார். பேட்கின்னா நம்ம கொடுவாதான். இப்ப அது ஒண்ணரை அடி. தொட்டி மூணுக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரை. மீனோட நீளமும் தொட்டியோட அகலமும் ஒண்ணு! வாலை மடக்கித்தான் திரும்புது. விருந்தாளி வந்தா உயிர் மீனைப் போட்டு வேடிக்கை வேற.

போன வாரம் அவருக்கு ராஞ்சிக்கு டிரான்ஸ்ஃபர். "ஏரில விட்டுடலாம்னு இருக்கேன் சார், சுதந்திரமா இருக்கும்"ங்கறார்.

என்ன சுதந்திரம்? கொடுவா நல்ல தண்ணில வளரும், ஆனா முட்டை போட முகத்துவாரத்துக்குப் போயாகணும். ஏரிலேர்ந்து எங்க போகும்? அங்க இருக்கிற சின்ன மீனையெல்லாம் வருஷக்கணக்கா தின்னுகிட்டுக் கிடக்கும். 2023 மே மாசம் ஸ்ரீநகர் தால் ஏரில அமெரிக்காவோட அலிகேட்டர் கார் மீன் கிடைச்சுது. அது என்ன, நீந்தியா வந்திருக்கும்?

நானும் யோக்கியன் இல்லை. இந்த ஊருக்கு வந்த புதுசுல, பொண்ணு ஆசைப்பட்டான்னு, "நல்ல தண்ணி விலாங்கு"ன்னு ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். அது முகத்துவாரத்து அஞ்சாலை. உப்பில்லாத தண்ணில நாளாக நாளாக இரையை விட்டுடுச்சு. நாப்பது நாள்தான். அதுக்கப்புறம் பொண்ணு தொட்டிப் பக்கமே போகலை.

செத்தப்புறம்தான் கணக்குப் போட்டேன் (வங்கிக்காரன் புத்தி பின்னாடிதான் வரும்!). கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதுல கால் பங்குன்னா 9 கிராம். என்னோட 56 லிட்டர் தொட்டிக்கே அரை கிலோ. வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்தும்போது மறுபடியும் 126 கிராம். சாம்பாருக்குப் போடற உப்பு ஆகாது, கடல்ல இருக்கிற மத்த தாதுக்கள் அதுல இல்லை. ஒரேயடியா கொட்டினா ஃபில்டர்ல கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவும் அடிவாங்கும். இதுல ஒரு வரியாவது கடைக்காரர் சொன்னாரா?

"நீங்க மட்டும் பேட்கி ஃப்ரை சாப்பிடறீங்களே"ன்னு கேட்டார் நண்பர். ஆமா, சாப்பிடறேன். வாரம் ஒரு நாள், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. அந்த மீன் அதுவரைக்கும் கழிமுகத்துலயோ பண்ணையிலயோ நீந்திகிட்டு இருந்தது. வருஷக்கணக்கா கண்ணாடிக்குள்ள வச்சு அதை வளர்ப்புன்னு நான் சொல்லலையே.

நாமெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டறவங்க. கொடுவா நாலு அடிக்கு மேல வளரும், பத்து வருஷத்துக்கு மேல வாழும். மூணு வருஷத்துல ஓய்வு பெறப்போறவருக்கு இருபது வருஷக் கடன் சாங்ஷன் பண்ணுவோமா? குழந்தை கேட்டா நாலு கப்பி வாங்கிக் கொடுங்க. வாளில தூக்கிகிட்டுப் போய் அடுத்த வீட்டுப் பையன்கிட்ட கொடுத்துடலாம்.

நண்பர்கிட்ட, "பண்ணைக்காரங்க யாராவது எடுத்துப்பாங்களான்னு நாளைக்கே விசாரிங்க. இல்லைன்னா குழம்பு வச்சிடுங்க, ஏரி மட்டும் வேண்டாம்"னு சொன்னேன். அவர் வீட்டம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ரெண்டு பேரும் இப்ப என்கிட்ட பேசறதில்லை. ராஞ்சி ரயிலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு.