நீர் போகும் வழி

நம் நாட்டில் வீடு கட்டுவோர் முன்வாயிலுக்கு எந்த நிலை பொருந்தும், தாழ்வாரத்திற்கு எத்தகைய தூண் அழகு தரும் என்று நெடுநேரம் ஆராய்வர். கதவுக்குத் தேக்கு தேடுவர்; வாசற்படிக்குக் கருங்கல் தேடுவர். பின்கட்டுக்கு வந்தவுடன் அவர்தம் கையும் சுருங்கிவிடும், கருத்தும் சுருங்கிவிடும். மீந்த செங்கல், மீந்த சிமெண்டு, மீந்த இடம் ஆகிய மூன்றும் கூடியதே குளியலறை என்று சொல்லத்தக்க வீடுகள் பல. என்றோ வரும் விருந்தினர் பார்க்கும் இடத்திற்குப் பொருளையும், வீட்டார் நாள்தோறும் புழங்கும் இடத்திற்கு மிச்சத்தையும் ஒதுக்குவது என்ன கணக்கோ, எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

பழங்கால மக்கள் இதில் நம்மினும் கருத்துடையவராக இருந்தனர். மொகஞ்சதாரோ நகரில், 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, இடைவெளியின்றிச் செங்கல் பாவிய குளிக்கும் தரைகள் வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தன. தமிழில் கழிநீர் விழும் இடத்திற்கு அங்கணம் என்று பெயர். அச்சொல்லைத் திருவள்ளுவரும் ஆண்டிருக்கிறார். நிலத்தின்கீழ் நீர் செல்லும் வழிக்குச் சுருங்கை என்று பெயர். மணிமேகலையில் வஞ்சிமாநகரத்து அகழியைப் புனைந்துரைக்கும் சாத்தனார், மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய நறுநீர் சுருங்கைத் தூம்பின் வழியே அகழியை அடைந்தமையால், அதில் வாழ்ந்த முதலையும் மீனும் தம் புலால் நாற்றம் நீங்கப்பெற்றன என்று பாடுகிறார். அஃது உயர்வு நவிற்சி என்பது உண்மையே. எனினும், குளித்த நீர் எங்கே போகிறது என்று கேட்டு, அந்நீரோடு தாமும் அகழிவரை சென்று பார்த்த ஒரு புலவரை நான் அப்பகுதியில் காண்கிறேன். அக்கேள்வியை நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம். மாணவர்களே, அதனை மீண்டும் கேட்கக் கற்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு என்பது என் கருத்து. வீட்டுக் குளியலறையை வீட்டார் அனைவரும் கூடித் தம் கையாலேயே திருத்தியமைப்பதே அவ்வழி.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. சிப்காட் என்பது தொழில் வளர்ச்சிக்கெனத் தமிழ்நாட்டு அரசு 1971-ஆம் ஆண்டில் தோற்றுவித்த நிறுவனம். இப்பேட்டை எழுந்தது 1980-களில். சாயப்பொருள்கள், மருந்துப்பொருள்கள், பூச்சிக்கொல்லிகள் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் இங்கு வந்தன. பேட்டையின் ஒருபுறம் சாலை; மறுபுறம் உப்பனாறு; அதற்கப்பால் கடல். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், காரைக்காடு என ஊர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. கடலோர மணற்பாங்கான நிலமாதலால், மழைக்காலத்தில் சிறிது தோண்டினாலே நீர் சுரக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேலே பெய்யும் நீரும் கீழே ஊறும் நீரும் ஒன்றாகிவிடும். 2015-ஆம் ஆண்டுப் பெருமழையைக் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வூர்களுள் ஒன்றில் முன்பு என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் குடியிருக்கிறார். ஆலை ஒன்றில் குழாய் பொருத்தும் பணி. பகல், இரவு என மாறி மாறி வரும் முறைவேலை. அவர் வீட்டுக் குளியலறை, முன்னே நான் கூறிய மிச்சக் கணக்கில் கட்டப்பட்டது. தரை நடுவில் பள்ளமாகி நீர் தேங்கும். சுவரில் உப்புப் பூத்து உதிரும். குளித்த நீர் சந்தில் இறங்கி எதிர்வீட்டு வாயிலில் நிற்கும். அதனால் இரு வீட்டாரும் ஈராண்டுகளாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஒப்பந்தக்காரர் கேட்ட தொகை அவர் வருவாய்க்கு மிஞ்சியது. ஆகவே ஒரு கோடை விடுமுறையில், அவரும் மனைவியாரும், பத்தாம் வகுப்பு முடித்த மகளும், எட்டாம் வகுப்பு முடித்த மகனும் தாமே அதனை இடித்துக் கட்டத் துணிந்தனர். வயது முதிர்ந்த பாட்டி நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்தார். பாட்டியின் மேற்பார்வைக்கு எந்தப் பொறியாளரும் ஈடாகார்.

கல் எடுக்கும் முன் அவர்கள் செய்த ஒரு செயலை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டுவது யாதென்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டனர். படி உயரமாக இருப்பதால் தாம் ஒவ்வொரு நாளும் விழாமல் தப்புவதே இறையருள் என்றார் பாட்டி. படியைத் தாழ்த்திச் சுவரில் கைப்பிடி ஒன்று வைக்கவேண்டுமென்றார். உள்தாழ்ப்பாள் உறுதியாக வேண்டும், சன்னல் வெளியிலிருந்து எட்டாத உயரத்தில் வேண்டும், மாற்றுத்துணி நனையாதவாறு மாடம் ஒன்று வேண்டும் என்றாள் மகள். துவைகல்லையும் நீர்த்தொட்டியையும் குனிந்து குனிந்து இடுப்பு நோகாத அளவில் அமைக்கவேண்டும் என்றார் தாயார். இவற்றை அயலாராகிய ஒரு கொத்தனாரிடம் அவ்வீட்டுப் பெண்கள் வாய்திறந்து சொல்லியிருப்பரோ? நாணத்தால் சொல்லாது விட்டிருப்பர். கட்டியதை ஏற்றுக்கொண்டு மேலும் இருபது ஆண்டு இடர்ப்பட்டிருப்பர். பெண்மக்கள் இருள் பிரியாமுன் எழுந்து ஓலைத்தட்டியின் மறைவில் குளித்துவந்த காலம் நம் ஊர்களில் நெடுந்தொலைவில் இல்லை. பயன்படுத்துவோரே அமைப்போரும் ஆகும்போது, அறையின் அளவும் உயரமும் அவர்தம் உடலறிந்து அமைகின்றன.

வேலையின் நுட்பங்களையும் சிறிது கூறுவேன். கடலோரத்தில் மணல் மலிவு என்று கடற்கரை மணலை அள்ளிவந்து கலவை போடுதல் கூடாது. அதிலுள்ள உப்பு சுவரை அரிக்கும், கம்பியைத் துருவேற்றும். குளியலறைத் தரை கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும், வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் சரிந்திருத்தல் வேண்டும். சரிவு குறைந்தால் நீர் நிற்கும். மிகுந்தால் கால் வழுக்கும். அவ்வீட்டுச் சிறுவன் இதனை ஆராய்ந்த முறை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நான்கு மூலையிலிருந்தும் கோலிக்குண்டை வைத்து விட்டான். மூன்று மூலைக் குண்டுகள் வடிகாலை அடைந்தன. நான்காவது நடுவழியில் நின்றுவிட்டது. அந்த இடத்தைக் கொத்தி மீண்டும் பூசினர். பிறகு வடிகாலை அடைத்து, தரைமுழுதும் நீர் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தனர். நீர்மட்டம் குறையவில்லை, வெளிச்சுவரிலும் ஈரம் தோன்றவில்லை என்று தெரிந்த பின்னரே தரை ஓடு பதித்தனர். பூசிய சிமெண்டு ஒருவார காலமேனும் ஈரம் உலராதிருந்தால்தான் வலுப்பெறும். ஈரச்சாக்கு போர்த்தி அதனைக் காத்தது பாட்டியின் பொறுப்பு.

வடிகாலின் கீழே வளைகுழாய் ஒன்று உண்டு. அவ்வளைவில் ஐந்து சென்டிமீட்டர் அளவிற்கு நீர் எப்போதும் தங்கியிருக்கும். கீழிருந்து நாற்றமும் பூச்சியும் மேலேறாதவாறு அச்சிறு நீர்த்தேக்கமே கதவாக நின்று காக்கிறது. நீரைக்கொண்டே நாற்றத்தைத் தடுத்தவன் எவனோ, அவன் பேரறிஞன்!

வீட்டாரே எல்லாவற்றையும் செய்துவிட்டால் கொத்தனாரின் பிழைப்பு என்னாவது என்று கேட்போர் உளர். நல்ல கேள்விதான். அவர்கள் தாய்மாமன் கொத்துவேலை வல்லவர். மட்டம் பார்க்கவும், ஓடு பதிக்கக் கற்பிக்கவும் இரண்டு நாள் அவரை அழைத்தனர். இரண்டு நாளைக்கும் முழுக்கூலி கொடுத்தனர். உறவு என்று சொல்லிக்கொண்டு உழைப்பை இலவசமாகக் கேட்பது நம்மவரிடம் உள்ள ஓர் இழிவழக்கு. மேலும், ஒரு சுவரைத் தானே பூசிப் பார்த்துத் தோள் நொந்தவன், பிறகு கொத்தனாரிடம் கூலிக்குப் பேரம் பேச நாணுவான். மின்வேலையை மட்டும் அவர்கள் தொடவே இல்லை. நீரும் மின்சாரமும் ஒன்றாக உள்ள இடத்தில் அரைகுறை அறிவு உயிரைக் குடிக்கும். அதற்கென உரிமம் பெற்றவரை அழைத்து, மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தச் செய்தனர்.

இனி, பலரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிச் செல்லும் இடத்திற்கு வருவோம். குளியலறையை ஒட்டிய கழிப்பிடத்திற்கு அவர்கள் இரட்டை உறிகுழி அமைத்தனர். ஒரு குழி பயன்பாட்டில் இருக்கும்; நிறைந்தபின் அதனை மூடிவிட்டு மற்றதற்கு வழிதிருப்புவர். மூடிய குழி ஒன்றரை ஆண்டேனும் வாளாவிருந்தால், உள்ளிருப்பது நாற்றமற்ற மட்கிய எருவாகிவிடும். நிலத்தடி நீர் மேலோங்கி நிற்கும் இடமாதலால், குழிகளின் மேற்பகுதியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிச் சுற்றிலும் மண் அணைத்தனர். குழியைச் சூழ அரை மீட்டர் அளவுக்கு மணல் நிரப்பினர். குடிநீர்க் குழாய்க்கிணற்றிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி அமைத்தனர். குளித்த நீரை இக்குழிகளில் விடுதல் ஆகாது. விட்டால் விரைவில் நிறைந்துவிடும். ஆதலின் அந்நீரைத் தனியே ஒரு வண்டல் தொட்டியில் தேக்கித் தெளியவைத்துத் தென்னைக்கும் கல்வாழைக்கும் செலுத்தினர். சந்தில் நீர் நின்றது. எதிர்வீட்டாருடன் பேச்சுத் தொடங்கியது.

எருவான குழியை எடுப்பவர் யார்? இக்கேள்விக்கு அஞ்சியே பலர் பெருந்தொட்டிகள் கட்டி, அவை நிறைந்தபின் ஏழை ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே இறக்குகின்றனர். தொட்டியில் தேங்கும் நச்சுக்காற்று ஒருமுறை மூச்சிழுத்த அளவில் மயக்கத்தைத் தரும். காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்! 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காப்பின்றி மனிதரை இப்பணியில் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் இத்தொழிலை இன்ன குலத்தார்க்கே உரியது என்று ஒதுக்கிவைத்த நெஞ்சம் சட்டத்தால் மட்டும் மாறிவிடுமா? 2017-ஆம் ஆண்டில் தெலுங்கானா மாநிலத்துக் கங்காதேவிபள்ளி என்னும் சிற்றூரில், நடுவண் அரசின் துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேசுவரன் ஐயர் மட்கிய குழி ஒன்றில் தாமே இறங்கி எருவை அள்ளி வெளியே கொணர்ந்தார். அதற்கும் நெடுங்காலம் முன்பு, 1910-இல், தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அமைத்த தால்சுதாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. அங்கே வேலையாள் ஒருவரும் இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றுதல் வரை அனைத்தும் அங்கு வாழ்ந்தோர் கையாலேயே நடந்தன. தம் குழியைத் தாமே கட்டியவர்களுக்கு அதனைத் தூய்மை செய்வது இழிவாகத் தோன்றாது என்பது என் துணிபு. நான் கூறிய வீட்டில், முன்பு குளியலறை கழுவுவது தாயாரின் தனிச்சுமை. இப்போது முறைவைத்துக் கழுவுகின்றனர். முறைவேலை பார்த்துப் பழகிய தந்தையாரே அந்த அட்டவணையை எழுதிக் கதவின்மேல் ஒட்டியிருக்கிறார்.

அருவருப்பும் அறியாமையும் உடன்பிறந்தவை. தன் வீட்டு நீர் எங்கே போகிறது என்று பாராதவன், தன் ஊர் நீர் எங்கே போகிறது என்றும் பாரான். சிப்காட்டைச் சூழ்ந்த ஊர்களின் வரலாற்றிலேயே இதற்கு எதிர்ச்சான்று உண்டு. பேட்டையினால் நீரும் காற்றும் கெட்டன என்னும் மக்களின் முறையீடுகளைக் கேட்டு, நீதியரசர் கனகராசு தலைமையிலான மக்கள் விசாரணைக் குழு 2003-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. மறு ஆண்டில், அவ்வூர்களில் வாழும் எளிய மக்கள் சிலர் காற்றை ஆராயப் பயிற்சி பெற்றனர். அவர்தம் கருவி ஒரு வாளி. மூடிய வாளிக்குள் தூய பை ஒன்றைப் பொருத்தி, வாளியினுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று தானே பைக்குள் வந்து நிறையும். அதனை ஆய்வகத்திற்கு அனுப்பினால் அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் இவை என்று தெரிந்துவிடும். எந்த நாற்றம், எந்த நேரம், எத்திசைக் காற்று என்று நாட்குறிப்பும் எழுதிவந்தனர். கல்லூரி வாயிலை மிதியாதவரும் அவருள் இருந்தனர். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. என் மாணவர் வீட்டு அடுப்பு எரிவது அவ்வாலை தரும் ஊதியத்தால்தான். ஆயினும் ஐந்து பேர் குளித்த நீருக்கு ஒரு குடும்பம் வண்டல் தொட்டி கட்டுகிறதென்றால், ஆலையின் கழிநீரைப் பற்றிக் கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டுவதில்லை.

அப்பேட்டையில் தூய்மை செய்யப்பட்ட கழிநீரைக் கடலுக்குள் கொண்டு சென்றுவிடும் பொதுக்குழாய் ஒன்று உண்டு. வளைகுழாயைத் தன் கையால் பொருத்திய அவ்வீட்டு மகள், ஒருநாள் உணவு வேளையில் தந்தையாரை நோக்கி, “அப்பா, உங்கள் ஆலைக்குழாய் எவ்வளவு தூரம் போகிறது? கடலில் விடுமுன் அந்நீரைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? சோதித்த கணக்கை நாம் பார்க்கலாமா?” என்று கேட்டாளாம். குழாய் பொருத்துவதில் இருபது ஆண்டு தேர்ந்த அவருக்கு மதிற்சுவர் வரையில்தான் விடை தெரிந்திருந்தது. மறுநாள் முறைவேலைக்குப் போகும்போது, மீதியைக் கேட்டுவந்து சொல்வதாக மகளிடம் கூறிச் சென்றார்.