கீரிகளின் பாகப்பிரிவினை

வலியதே வாழும், அதுவே இயற்கை நியதி என்று மேடையில் முழங்குவோரையும், எறும்பைப் பாருங்கள், தேனீயைப் பாருங்கள், என்னே ஒற்றுமை என்று உருகுவோரையும் ஒருசேர ஐயுறுபவன் நான். இரு சாராரும் விலங்குகளைப் பார்ப்பதில்லை. தத்தம் கட்சிக்குச் சாட்சி தேடுகிறார்கள்.

கூட்டமாக வாழும் விலங்குகளில் யார் ஈனுவது, யார் பிறர் குட்டியைப் பேணுவது என்னும் கேள்வி அடிப்படையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பிரிக்கப்படும் சொத்து அடுத்த தலைமுறை. 1983-இல் சாண்ட்ரா வேரன்காம்ப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். தலைமை விலங்கு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டால், கீழிருப்பது கூட்டத்தை விட்டுப் போய்விடும். போனால் குட்டி வளர்க்க ஆளில்லை. ஆகவே அது தங்குவதற்குப் போதுமான பங்கை மட்டும் தலைமை விட்டுக்கொடுக்கும். பின்வந்தோர் இந்தப் பங்குக்குச் 'சலுகை' என்று பெயரிட்டனர். அறுவடை முடிந்த களத்தில், ஆள் அடுத்த ஆண்டும் வரவேண்டுமே என்று பண்ணையார் அளந்து போடும் நெல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கணக்கு அழகானது. விலங்குகள் அதற்குக் கட்டுப்பட்டனவா என்பதே கேள்வி.

தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் வாழும் மீர்கேட் நம்மூர்க் கீரியின் உறவு. நம்மூர்க் கீரி பெரும்பாலும் தனியாகத் திரிவது. மீர்கேட்டோ கூட்டத்தை விட்டால் பிழைப்பது அரிது. டிம் கிளட்டன்-பிராக் குழுவினர் 1993 முதல் அங்கே தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பின்தொடர்ந்தனர். பிழைத்து வளரும் குட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு தலைமைப் பெண் ஈன்றவை. மீதியைச் சலுகை எனலாமா? ஆகாது என்பதே என் வாசிப்பு. சலுகை தருபவள் அதைப் பறிக்க இத்தனை பாடுபட மாட்டாள். தான் கருவுற்றிருக்கும் காலத்தில் தலைமைப் பெண் மற்றப் பெண்களைக் கடித்து விரட்டுகிறது. விரட்டப்பட்டவை மெலிந்து பலமுறை கருவை இழக்கின்றன. அதையும் மீறி ஈன்றால் குட்டிகள் கொல்லப்படுகின்றன. கீழிருப்பவையும் சாதுக்கள் அல்ல. தாம் கருவுற்றிருந்தால் தலைவியின் குட்டிகளையே கொன்றுவிடுகின்றன. ஆக, அந்த மீதி 20 விழுக்காடு தலைவியின் கை எட்டாத இடத்தில் திருடப்பட்டதே அன்றி அளந்து போடப்பட்டதன்று. (2005-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஃபிளவர் என்ற தலைவியை உலகப் புகழ் பெறச் செய்தது. அந்தப் புகழில் இந்தக் கொலைகள் சற்று மங்கிப் போயின.)

2014-இல் வெளியான ஒரு சோதனை இதை இன்னும் தெளிவாக்கியது. சில கூட்டங்களில் கீழ்நிலைப் பெண்களுக்கு ஆய்வாளர்கள் கருத்தடை மருந்து செலுத்தினர். போட்டி நீங்கியதும் தலைமைப் பெண்ணின் சீற்றம் தணிந்தது. விரட்டல் குறைந்தது, இரை தேடும் நேரம் கூடியது, அதன் குட்டிகளும் கொழுத்தன. அடக்குமுறைக்கும் செலவு உண்டு, அதைச் செலுத்துவது அடக்குபவரும்தான் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை.

வடக்கே உகாண்டாவுக்குப் போனால் வழக்கே மாறிவிடுகிறது. அங்குள்ள ராணி எலிசபெத் தேசியப் பூங்காவின் வரிக்கீரிக் கூட்டத்தில் பல பெண்கள் ஒருசேரக் கருவுறுகின்றன, பெரும்பாலும் ஒரே இரவில், ஒரே வளையில் ஈனுகின்றன. முந்திப் பிறந்த குட்டி கொல்லப்படக்கூடும். பிந்திப் பிறந்தது மூத்தவற்றோடு போட்டியிட முடியாமல் நலியும். எனவே நாள் குறித்தாற்போல் எல்லாம் ஒன்றாகப் பிறக்கின்றன. அதன்பின் எது யாருடைய குட்டி என்று தாய்க்கே தெரிவதில்லை.

இந்த அறியாமையில்தான் சுவை இருக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வில், கருவுற்ற பெண்களில் பாதிக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகள் பெரியவையாகப் பிறந்தன. கொழுத்த தாய்கள் தம் கொழுத்த குட்டிகளையே பேணும் என்றுதான் நானும் எதிர்பார்த்திருப்பேன். அவையோ பட்டினித் தாய்களின் சிறு குட்டிகளுக்குக் கூடுதல் கவனம் தந்தன. வளர்ந்தபின் எடையில் வேறுபாடே இல்லை. தன் குட்டி எதுவென்று தெரியாதபோது, மிக மெலிந்ததைத் தூக்கிவிடுவதே இலாபம்; அது தன்னுடையதாகவும் இருக்கலாமே. தான் எங்கே பிறப்போம் என்று அறியாதவன் வகுக்கும் சட்டமே நீதியானது என்று ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதினார். அவர் கற்பனையில் தொங்கவிட்ட திரை உகாண்டாவின் வளையொன்றில் மெய்யாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே எவரும் நல்லவராகிவிடவில்லை. அதே வரிக்கீரிகள் கூட்டம் பெருத்துப் பெண்கள் மிகும்போது, அவற்றில் சிலவற்றைக் குதறி மொத்தமாக வெளியேற்றவும் செய்கின்றன. குட்டியைப் பற்றிய அறியாமைதான் அவற்றுக்கு; பெரியவர்களில் யார் யாரென்று அவற்றுக்கு நன்றாகவே தெரியும்.