தாமரையின் மலர்வும் கூம்பலும்

விழா மலர்கள் வாழ்த்துரைக்கும் இயல்பின. நிறுவியோரைப் போற்றுதலும், கடந்துவந்த பாதையை எண்ணி மகிழ்தலும் அவற்றுக்கு உரிய பணிகளே. ஆயினும் ஒரு கல்லூரியின் நீண்ட ஆயுளைக் கொண்டாடும் வேளையில், சில நிறுவனங்கள் நெடிது நிலைப்பதும் வேறு சில உச்சியினின்று விரைந்து சாய்வதும் எதனால் என வினவுதல் பொருத்தமற்றதன்று. இவ்வினாவை ஆராய யாம் எடுத்துக்கொண்டது கல்விக்கூடமன்று. வணிகருக்கு மென்பொருள் ஆக்கி விற்ற ஓர் அமெரிக்கக் கொம்பனி. எம் பழைய மாணவருள் கணக்காளராயும் வங்கி அலுவலராயும் விளங்குவோர் பலருக்கு அதன் பெயர் அறிமுகமானதே. அது லோட்டஸ்.

தாமரை என்பது அச்சொல்லின் பொருள். 1982 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலே அதனை நிறுவிய மிச் கேபோர், முன்னர்த் தியானம் பயிற்றிய ஆசிரியர். பதுமாசனத்தை மனத்திற்கொண்டே தம் கொம்பனிக்கு அவர் அப்பெயரைச் சூட்டினார். பெயரளவில் அந்நிறுவனம் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அது விற்ற பண்டம் யாது? விரிதாள் என்னும் பெயர் புதிதாயினும் பொருள் பழையது. எம் முன்னோர் காலத்துக் கணக்கர், அகன்ற தாளிலே நிரையும் நிரலும் வகுத்து இலக்கங்களைப் பொறிப்பர். ஓரிடத்தில் ஓர் இலக்கம் மாறினும், அதனைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவற்றையும் அழிறப்பரால் அழித்து மீண்டும் எழுதுதல் வேண்டும். 1979 இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய விசிக்கல்க் என்னும் மென்பொருள் இத்தொல்லையை நீக்கிற்று. ஓர் இலக்கத்தை மாற்றியவுடன் ஏனையவை தாமே மாறின. ஆயின் அதனை ஆக்கியோரும் விற்றோரும் தம்முள் முரணி நீதிமன்றம் ஏறினர். அவர்கள் வழக்காடிக்கொண்டிருந்த வேளையிற் சந்தை கைமாறிற்று. அம்மென்பொருளை ஆக்கிய கொம்பனியை 1985 இல் லோட்டஸே விலைக்கு வாங்கிக்கொண்டது.

1983 தையில் வெளிவந்த லோட்டஸின் ஆக்கம் 1-2-3 எனப் பெயர்பெற்றது. விரிதாள், வரைபு, தரவுகளைத் தேடி ஒழுங்குபடுத்தல் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைந்தன. அதனை எழுதிய ஜொனதன் சாக்ஸ், ஐ.பி.எம். கணினியின் உட்பொறிக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியிலேயே அதனை எழுதினார். அதனால் அக்காலத்துச் சிறு கணினியிலும் அது விரைந்து இயங்கிற்று. முதலாண்டு விற்பனை 5 கோடியே 30 இலட்சம் டொலர். அடுத்த ஆண்டு அத்தொகை ஏறத்தாழ மும்மடங்காயிற்று. 1-2-3 ஐப் பயன்படுத்தும் பொருட்டே ஐ.பி.எம். கணினியை வாங்கிய வணிக நிலையங்கள் பல.

இத்துணை உயர்ந்தது பின்னர் ஏன் தாழ்ந்தது? யானைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழியைச் சொல்லி அமைவோர் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. சறுக்குதல் எதிர்பாராத நிகழ்ச்சி. லோட்டஸின் தாழ்வோ, அதன் உயர்வுக்குக் காரணமாயிருந்தவற்றிலிருந்தே முளைத்தது.

1-2-3 இன் வேகத்துக்குக் காரணமான அசெம்பிளி மொழியே, அதனைப் புதுக்குவதற்கும் வேறு கணினிகளுக்கு ஏற்பத் திருத்துவதற்கும் தடையாயிற்று. மூன்றாம் பதிப்பைச் சி என்னும் மொழியில் மீண்டும் எழுத நேர்ந்தது. அது பலமுறை பிற்போடப்பட்டு 1989 இலேயே வெளிவந்தது. கேபோர் 1986 இலே தலைமையை விட்டு நீங்க, ஜிம் மான்சி அப்பொறுப்பை ஏற்றிருந்தார். இதற்கிடையில் மைக்ரோசொவ்ற் கொம்பனி தன் எக்செல் என்னும் விரிதாளை 1985 இல் மக்கின்ரொஷ் கணினிக்கும், 1987 இல் விண்டோஸுக்கும் ஆக்கி முடித்துவிட்டது.

வருங்காலம் ஓ.எஸ். 2 என்னும் இயங்குதளத்துக்கே உரியது என லோட்டஸ் நம்பிற்று. ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற் ஆகிய இரண்டும் சேர்ந்து அதனை முன்னிறுத்திய காலத்தில் அந்நம்பிக்கை பேதைமையன்று. ஆயின் 1990 இல் வெளிவந்த விண்டோஸின் மூன்றாம் பதிப்பை மக்கள் விரும்பி ஏற்றனர். அதற்குரிய 1-2-3 வெளிவந்தது 1991 இலே. அதற்குள் மைக்ரோசொவ்ற், எக்செலையும் எழுத்துப் பணிக்குரிய வேர்ட் முதலியவற்றையும் ஒரே கட்டாக்கி, ஒரே விலைக்கு விற்கத் தொடங்கிவிட்டது.

அவ்வாண்டுகளில் லோட்டஸ் தன் கருத்தைச் செலுத்திய மற்றோரிடம் நீதிமன்றம். தன் பட்டியல்களின் அமைப்பைப் பிறர் பின்பற்றினர் என்று அது வழக்குத் தொடுத்தது. பேப்பர்பாக் என்னும் சிறு கொம்பனிக்கு எதிராக 1990 இல் வென்றது. போர்லாண்ட் கொம்பனிக்கு எதிரான வழக்கிலோ, கட்டளைப் பட்டியல் இயக்கும் முறையேயன்றிப் பதிப்புரிமைக்குரிய ஆக்கமன்று என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. 1996 தையில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதியரசர் நால்வர் ஒருபாலும் நால்வர் மறுபாலும் நிற்க, அத்தீர்ப்பே நிலைத்தது. தன் பொருளைக் காத்தல் உடையவனின் உரிமை. அதனை யாம் மறுக்கிலம். ஆயின் வேலியைத் தாண்டிய அயலாரோடு லோட்டஸ் வழக்காடிய காலத்தில், வேறொருவர் அயற்காணியிலே பெருந்தோட்டமே அமைத்துவிட்டார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. 1984 இல் ரே ஒஸ்ஸி என்பவர், ஓர் அலுவலகத்தார் பலரும் தம்முட் செய்தியும் ஆவணமும் பகிர்ந்து பணியாற்றத்தக்க மென்பொருள் ஒன்றை ஆக்க விழைந்து, தனிக் கொம்பனி நிறுவினார். லோட்டஸ் அதற்குப் பொருளுதவிற்று. நோட்ஸ் எனப்பெற்ற அவ்வாக்கம் விற்பனைக்கு வரவே 1989 ஆயிற்று. ஐந்தாண்டுகள் வருவாயின்றிச் செலவிட்ட பொறுமையே பின்னாளில் அந்நிறுவனத்துக்கு மதிப்பளித்தது. 1995 இல் ஐ.பி.எம். 350 கோடி டொலர் கொடுத்து லோட்டஸை வாங்கியது பெரும்பாலும் நோட்ஸின் பொருட்டே. 1-2-3 க்கான ஆதரவை 2014 இல் ஐ.பி.எம். நிறுத்திவிட்டது. நோட்ஸோ 2019 இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்தின் கைக்கு மாறிப் புதிய பதிப்புகளும் கண்டது. தூத்துக்குடி மாவட்டத்திற் பிறந்த ஷிவ் நாடார், 1976 இலே தோழரோடு கூடித் தொடங்கிய நிறுவனம் அது.

350 கோடிக்கு விலைபோனதைத் தாழ்வு என்பதா எனச் சிலர் வினவலாம். பங்குதாரர்க்கு அது தாழ்வன்று. ஆயின், தானே தன் வழியை வகுத்த நிறுவனம் பிறிதொன்றன் கிளையாய் அடங்கிப் பின்னர்ப் பெயரும் மறைந்ததை வளர்ச்சி என்று கூற எமக்கு மனமில்லை.

இதனை எம் கல்லூரி விழா மலரிலே எழுதுவது ஏன்? காரணம் இரண்டு.

முதலாவது, கற்பித்தல் பற்றியது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரமின்றி, போத்தல் விளக்கின் ஒளியிற் கணக்கியல் பயின்ற மாணவர், கணினியைக் கண்ணாற் காணாமலேயே இரட்டைப் பதிவு முறையை ஐயந்திரிபறக் கற்றனர். பின்னர்க் கொழும்பிலும் கடல் கடந்தும் பணியேற்றபோது, அவருட் பலர் எம்மென்பொருளையும் சில வாரங்களிற் பழகிக்கொண்டனர். எந்த வரவு எப்பக்கத்துக்கு உரியது என்பதை அவர் அறிந்திருந்தமையே காரணம். இன்றோ எப்பொத்தானை அழுத்தவேண்டும் என்பதே பாடமாகிவருவதைக் காண்கின்றோம். 1-2-3 இன் கட்டளைகளை மனனஞ்செய்து அதனையே தம் கல்வியென எண்ணியோர், அது மறைந்தபோது வெறுங்கையராயினர். கருவியைப் பழக்குக, ஆயின் கருவியின் உள்ளே நிற்கும் நெறியை முதலிற் கற்பிக்க.

இரண்டாவது, கல்லூரியின் நெறி பற்றியது. மருத்துவமும் பொறியியலும் எமக்குப் பெரும் பெயரீட்டித் தந்தன. அப்பெறுபேறுகளை யாமும் பெருமையோடு எடுத்துரைப்போம். ஆயினும் அவ்விரண்டையே காத்து, வணிகத் துறையையும், இன்னும் பெயர் பெறாத புதுத் துறைகளையும் மாற்றான் பிள்ளைபோல் நோக்குவோமாயின், 1-2-3 ஐ மட்டும் காக்க முயன்ற நிலையிலேயே யாமும் நிற்போம். இன்று பயன் தராததாய்த் தோன்றும் ஒரு முயற்சிக்கு ஐந்தாண்டு பொறுத்துப் பொருளுதவும் மனம் பழைய மாணவர் சங்கத்துக்கு வேண்டும். விழா நிதியில் ஒரு பங்கை அதன்பொருட்டு ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம்.

குளம் வற்றும்போது தாமரையின் பூவும் இலையும் கருகும். சேற்றினுள் மறைந்த கிழங்கே அடுத்த மாரிக்கு உயிரைக் காத்துவைக்கும். பூவைப் பாராட்டும் இவ்விழா நாளிலே கிழங்கையும் மறவாதிருப்போமாக. வாழ்க எம் கல்லூரி!