வண்டிக்கு முன்னே எர்த்!

நம் சங்கத்து விழாக்களுக்கு வந்து நிற்கிற வண்டிகளில் பச்சை நம்பர் பலகை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. தங்கவயலிலிருந்து பெங்களூர் போய் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெட்ரோலை விட்டு மின்சாரக் காருக்கு மாறுகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் ரயில்வேயில் மின்பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு இதில் இரண்டு மூன்று மனக்குறைகள் உண்டு. அவற்றை இங்கே எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். அதை எடுக்கும் முறையும், ஓட்டும் முறையும், எல்லாவற்றையும் விட அதைச் சொருகும் வீடும்தான் என் கவலை.

மின்சாரம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1902ஆம் ஆண்டிலேயே, காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். ஜோலி டி லோட்பினியர் என்ற பொறியாளர் போட்ட கணக்கு. பெங்களூர் நகரத்தில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905ல்தான். இந்தப் பெருமையை நம்மவர்கள் மேடையில் சொல்லாத நாளில்லை. ஆனால் அந்த மின்சாரம் வந்தது ஷாப்டுகளுக்கும் ஆலைகளுக்கும். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் லைன் வீடுகளுக்கு அன்றைக்கே வந்துவிடவில்லை. பின்னால் வந்தபோதும் ஒரு பல்பு, ஒரு பிளக் என்ற அளவில்தான் வந்தது. இன்று 25 லட்ச ரூபாய் வண்டி வந்து நிற்பது பல இடங்களில் அப்படிப்பட்ட வீட்டு வாசலில்தான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடினார்கள். அதே 2001ல்தான் பெங்களூரில் 'ரேவா' என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. சேத்தன் மைனி என்பவர் பின்னால் நின்று உருவாக்கிய வண்டி. ஈய அமில பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் போனால் பெரிது. பார்த்தவர்கள் பொம்மைக் கார் என்று சிரித்தார்கள். லண்டன் தெருக்களில் அதே வண்டி 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது பலருக்குத் தெரியாது. 2010ல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை மகிந்திரா வாங்கிக்கொண்டது. அந்த மகிந்திராதான் 2024 நவம்பர் 26ஆம் தேதி சென்னையில் 'பி.இ. 6' என்ற காரை அறிமுகப்படுத்தியது. செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகி, புனே அருகே சாக்கனில் செய்யப்படும் வண்டி. 2025 பிப்ரவரியில் பதிவு தொடங்கிய முதல் நாளே, அதற்கும் அதன் கூடப்பிறந்த 'எக்ஸ்.இ.வி. 9இ' காருக்கும் சேர்த்து 30,179 பேர் பணம் கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பி.இ. 6 நிற்கிறது. மகன் எடுத்தது. வார நாளில் பெங்களூரில், சனி ஞாயிறு தங்கவயலில்.

79 யூனிட் கொள்ளும் பெரிய பேட்டரி. 286 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.7 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. நாம் வாலிபத்தில் ஓட்டிய அம்பாசிடர் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

முதலில் வண்டி எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். நம்மவர்கள் அன்றைக்குச் செய்வது என்ன? குடும்பத்தோடு போகிறார்கள். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பூஜையைக் குறை சொல்லவில்லை, நானும் தேங்காய் உடைத்தவன்தான். ஆனால் ஷெட்டில் ஒரு எஞ்சினைப் பராமரிப்பு முடித்து லைனுக்கு விடும்போது, பார்த்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் கையெழுத்து இருக்க வேண்டும். பெயர் தெரியாத பயணிகளுக்காக அவ்வளவு பார்க்கிறவர்கள், சொந்தப் பேரப்பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு ஏன் பார்க்கக் கூடாது?

நாங்கள் இரண்டு மணி நேரம் பார்த்தோம். சேஸிஸ் நம்பரும் மோட்டார் நம்பரும் பில்லிலும் இன்சூரன்சிலும் ஒன்றாக இருக்கின்றனவா, டயரில் எந்த ஆண்டு எந்த வாரம் செய்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள், காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தோம். தூர இடத்திலிருந்து லாரியில் வரும் புது வண்டிகளுக்குக் காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது உண்டு, அதைச் சரியான அளவுக்குக் குறைக்க வேண்டும். பிறகு அங்கேயே ஒருமுறை சார்ஜில் போட்டுக் காட்டச் சொன்னோம். மின்சாரக் காரில் இதுதான் முக்கியம். சொருகி, திரையில் யூனிட் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. பேட்டரி உத்தரவாதத் தாளில் முதல் சொந்தக்காரருக்கு என்ன, இரண்டாவது சொந்தக்காரருக்கு என்ன என்று தனித்தனியாக இருக்கும். வண்டி யார் பெயரில் பதிவாகிறது என்பது அதனால்தான் பெரிய விஷயமாகிறது. அப்பா பெயரில் எடுத்துவிட்டுப் பிறகு பிள்ளை பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தாளை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். மகன், "நைனா, எல்லாரும் பாக்குறாங்க, போதும்" என்றான். பார்க்கட்டும் என்றேன்.

அடுத்தது வேகம். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு மின்மோட்டாரின் குணம் தெரியாது. பெட்ரோல் எஞ்சின் சுற்று ஏறின பிறகுதான் முழு இழுவை கொடுக்கும். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கொடுத்துவிடும். ரயில் எஞ்சினில் இதற்காகத்தான் ஒவ்வொரு நாட்ச்சாக ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் சக்கரம் வழுக்கும். அந்த எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஓட்டுநருக்கு மனோதத்துவத் தேர்வு உண்டு, மாதக்கணக்கில் பயிற்சி உண்டு, பல காலம் உதவியாளராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? நேற்றுவரை சின்ன பெட்ரோல் கார் ஓட்டியவன் கையில் ஸ்வீட் டப்பாவோடு சாவியையும் கொடுக்கிறார்கள். 'ரேஸ்' என்று ஒரு பொத்தான் வேறு வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அருகிலேயே, ஒசகோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகப் பேத்தமங்கலம் வரை, சென்னை அதிவிரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி 2024 கடைசியில் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டது. நம் குடிதண்ணீர் வந்த பேத்தமங்கலம் ஏரிப் பக்கம் இப்போது 120 கி.மீ. வேகத்துக்கென்று போட்ட சாலை. திறந்த சில மாதங்களிலேயே அங்கே உயிர்கள் போயின. வேகம் இரட்டிப்பானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்கு. 60ல் போகும்போது பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 120ல் 80 மீட்டர் கேட்கும். பிரேக்கை மிதிக்க யோசிக்கும் ஒரு விநாடியிலேயே 33 மீட்டர் போயிருக்கும். இது மின்சாரக் காருக்கு மட்டும் உள்ள கணக்கல்ல. ஆனால் மின்சாரக் காரில் சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. 120 என்பது 70 போலத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் முதல் 1000 கிலோமீட்டருக்கு அந்த ரேஸ் பொத்தானைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம். மருமகள்தான் கணக்குப் பார்த்தாள், கறாராக.

இப்போது வீட்டுக்கு வருவோம். உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வண்டி வந்த மூன்றாவது வாரம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய லைன் வீடு, முன்னால் ஒரு அறை சேர்த்துக் கட்டியது. இரவு தங்கியதால், வண்டியில் இருந்த கையடக்க சார்ஜரை அங்கிருந்த 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினான் மகன். சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. "புது வண்டி, அதுக்குள்ள ரிப்பேரா?" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். நான் மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மேலே இருக்கும் அந்த மூன்றாவது பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் என்ற ஒன்று அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதே பிளக்கில்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டாக கீசரும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன. அவை எதுவும் கேட்கவில்லை, கார் கேட்டது. கார் ரிப்பேர் அல்ல, வீடுதான் ரிப்பேர்.

இப்படிப்பட்ட வீடுகள் நம் பக்கத்தில் ஒன்றிரண்டு அல்ல. சுரங்கத்தில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்களைக் கேட்டுப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு இந்திய மின்விதிகளில் சுரங்கத்துக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. கீழே ஒரு பம்புக்கு எர்த் இல்லாவிட்டால் கேள்வி வரும். மேலே அவர்கள் பிள்ளைகள் படுத்துத் தூங்கிய வீட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இதைவிட மோசமான காரியம், சார்ஜர் எர்த் கேட்டு அடம்பிடிக்கும்போது நம் தெரு எலக்ட்ரீஷியன்கள் செய்யும் தந்திரம். நியூட்ரல் கம்பியிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த் துளையில் போட்டுவிடுவார்கள். சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும், அவருக்குக் கூலியும் கிடைத்துவிடும். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பு முழுதும் 230 வோல்ட் வரும். மழையில் நனைந்த தரையில், செருப்பில்லாத குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. யார் சொன்னாலும் இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கம்பியின் கனமும் பார்க்க வேண்டும். மிக்சி ஐந்து நிமிடம் ஓடும், கீசர் கால்மணி நேரம். கார் சார்ஜர் 14, 15 ஆம்பியரை இரவு முழுக்க இழுக்கும். பழைய வீடுகளில் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி, சில இடத்தில் அலுமினியம். தளர்ந்த ஒரு திருகு போதும், அங்கே சூடேறி பிளக் உருகத் தொடங்கும். 16 ஆம்பியருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டரிலிருந்து நேரே வரட்டும். வழியில் வேறு எதையும் அதில் சேர்க்கக் கூடாது. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர், அதற்கு 6 சதுர மில்லிமீட்டர். அதற்கு முன்பு பெஸ்காமில் மனுக் கொடுத்து வீட்டின் லோடைக் கூட்ட வேண்டும், அல்லது காருக்கென்று தனி மீட்டர் கேட்க வேண்டும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கயிறும், 6 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றும் சின்னக் கட்டையும் காருக்கு ஆகவே ஆகாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம்.

எர்த் குழி நம் ஊரில் சுலபமில்லை. இரண்டடி தோண்டினால் பாறை தட்டும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல் என்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. பாறை தடுத்தால் இரண்டு மூன்று குழிகள் தள்ளித் தள்ளிப் போட்டு இணைக்க வேண்டும். கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். போட்டுவிட்டோம் என்று விட்டுவிடாமல் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். டெஸ்டர் பல்பு எரிகிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்பது பேச்சுக்கு உதவாது.

பழைய கம்பெனி வீடுகளின் உரிமைப் பத்திர விவகாரம் மூடலுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இழுத்ததால், பலர் வீட்டுக்குப் பெரிய செலவு செய்யத் தயங்கியே காலம் போய்விட்டது. அது நியாயமான தயக்கம். ஆனால் எர்த் குழிக்கு ஆகும் செலவு காரின் சீட் கவருக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

இவ்வளவு சொன்னதால் வண்டி பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். சென்ற மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். வி.கோட்டா தாண்டிப் பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, காலை எடுத்தாலே வண்டி தானே வேகம் குறைந்து பேட்டரியில் யூனிட்டைத் திருப்பி ஏற்றியது. 1920களின் இறுதியில் பம்பாய்ப் பக்கத்து போர்காட் மலையில் ஓடிய மின் எஞ்சின்கள் செய்த அதே வேலை. ஐந்நூறு மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றரை யூனிட் போலத் திரும்பக் கிடைக்கிறது. திரும்பி ஏறும்போது மூன்று யூனிட் கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும் என்பதையும் மகனுக்குச் சொல்லி வைத்தேன். நம் முன்னோர் வடாற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பக்கம் அது. காரில் பாட்டுக்கூடப் போடாமல் பேசிக்கொண்டே போனோம். அத்தனை அமைதி. தினமும் பெங்களூர் போய் வருகிறவர்களுக்கு மட்டும் மாரிக்குப்பம் ரயிலையே சிபாரிசு செய்வேன். இதை ரயில்வேக்காரன் பாசம் என்று நினைத்தாலும் சரி.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிற நாம், ஒரு எர்த் டெஸ்டரும் வாங்கி வைக்கலாம். வேண்டியவர் எடுத்துப் போய் அளந்துவிட்டுத் திருப்பித் தரட்டும். எப்படி அளப்பது என்று காட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரத் தயார். கார் இல்லாத வீட்டுக்கும் வருவேன்.