நம்ம ஊர் குளிர்ல பைப் வெடிக்காது... ஆனா உங்க சம்ப் சேஃபா?

'குளிர்காலத்துக்கு வீட்டு பைப்பை எப்படித் தயார் பண்றது?'ன்னு யூடியூப்ல தேடினா, தண்ணி உறைஞ்சு பைப் வெடிக்கிற வீடியோதான் வரும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ்ல அப்படித்தான் ஆச்சு. கரன்ட் போய், பைப் வெடிச்சு, லட்சக்கணக்கானவங்க தண்ணிக்குத் தவிச்சாங்க.

படூர்ல நமக்கு அந்தக் கவலை இல்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை நம்ம கவலையே வேற: செப்டிக் டேங்க் தண்ணி, சம்ப் தண்ணியோட கலந்துடக் கூடாது!

2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்தது. 2023-ல் மிக்ஜாம் ஆந்திராவுல கரையேறுச்சு. ஆனா மிதந்தது சென்னையும் புறநகரும். 2024 டிசம்பர்ல நம்ம மாவட்டத்துப் பல்லாவரத்துல பலர் வாந்தி, பேதின்னு ஆஸ்பத்திரியில் சேர்ந்தப்போ, 'குடிநீர்ல கழிவுநீர் கலந்துச்சா?'ங்கிற கேள்விதான் பெருசா எழுந்தது.

ஏன் இங்க ரிஸ்க் அதிகம்?

ஓ.எம்.ஆர் அபார்ட்மென்ட்கள் ஒருபக்கம் இருக்கட்டும். தனி வீடுகளைப் பாருங்க. அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி. அதுக்குள்ள வீடு, போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம். தள்ளி வைக்க இடமே கிடையாது. விடாம மழை பெஞ்சா நிலத்தடி நீர் மேல வரும். செப்டிக் டேங்க் நிரம்பி வழியும். சம்ப் சுவர்ல ஒரு விரிசல் போதும். தெருத் தண்ணியும் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு வழியாத்தான் கடலுக்கு வடியணும். கடல் ஏறி இருந்தா அதுவும் லேட்டாகும்.

மழைக்கு முன்னாடி

* செப்டிக் டேங்கை செப்டம்பர்லயே லாரி வெச்சு எடுத்துடுங்க. யாரையும் உள்ளே இறக்காதீங்க. விஷவாயு உயிரை எடுக்கும். 2013 சட்டப்படி குற்றமும்கூட.
* சம்ப் மூடி தரையோட தரையா இருந்தா, சுத்தி ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டிடுங்க. உள்ளே விரிசல் இருந்தா பூசிடுங்க.
* கிரவுண்ட் ஃப்ளோரா? கழிவுநீர் திரும்பி பாத்ரூமுக்குள்ள வராம இருக்க, வெளியே போற லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்க.
* மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சுத்தம் பண்ணுங்க. அது செப்டிக் டேங்க்ல போய்ச் சேருதான்னு பாருங்க. சேர்ந்தா உடனே பிரிச்சு விடுங்க.

தண்ணி உள்ளே புகுந்துட்டா?

மோட்டாரைப் போடாதீங்க! போட்டா மேல்தொட்டியும் கெட்டுடும். சம்ப்பைக் காலி பண்ணி, கழுவி, புதுத் தண்ணி விட்டப்புறம் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். 6,000 லிட்டர் சம்ப்னா 15 கிராம். பக்கெட்ல கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, ஒரு மணி நேரம் விடுங்க. குடிக்க, கொதிக்க வெச்ச தண்ணிதான்.

'நான் வாடகைக்குத்தானே இருக்கேன்'னு விடாதீங்க. வயித்துப்போக்கு ஓனர், டெனன்ட்னு பார்த்து வராது. ஹவுஸ் ஓனருக்கோ, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புலயோ இன்னிக்கே ஒரு மெசேஜ் தட்டுங்க.

இன்னொண்ணு. உங்க வீட்டை மட்டும் சரி பண்ணா பாதி வேலைதான் முடிஞ்சது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் வழிஞ்சாலும் உங்க சம்ப்புக்கு வரும். மழைநீர் வடிகாலைத் தூர்வாரறதும், குடிநீர்ல குளோரின் அளவைப் பார்க்கிறதும் ஊராட்சியோட வேலை. அதை கிராமசபையில் கேளுங்க. காந்தி ஜயந்தி அன்னிக்கு, அக்டோபர் 2, கிராமசபை நடக்கும். மழைக்குச் சரியா முன்னாடி!