தேர்தல் முடிவு வந்தா வரி ஒப்பந்தம் அவுட்

உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து வரி ஒப்பந்தம் போட்டாச்சுன்னு செய்தி வந்தா, "இனிமே பெரிய கம்பெனிங்க தப்பிக்க முடியாது"ன்னு பலரும் சந்தோஷப்படறாங்க. எனக்கு என்னமோ அடுத்த அமெரிக்கத் தேர்தல் எப்பன்னு பார்க்கத்தான் தோணுது.

கொஞ்சம் பழைய கதை. 1998-ல் ஓஈசிடி (பணக்கார நாடுகளோட சங்கம்னு வச்சுக்குங்க) வரி ஏய்ப்புக்கு இடம் கொடுக்கிற குட்டித் தீவுகளை வழிக்குக் கொண்டுவரக் கிளம்பியது. கிளின்டன் அரசு ஆதரவு. 2001-ல் புஷ் வந்தார். அவரோட நிதியமைச்சர் பால் ஓ'நீல், அடுத்த நாட்டு வரி விகிதத்தில் நாம ஏன் தலையிடணும்னு ஆதரவை வாபஸ் வாங்கிட்டார். திட்டம் பாதியா சுருங்கிப் போச்சு.

2008-ல் வங்கிகளைக் காப்பாத்த மக்கள் பணம் போனதும் காத்து திசை மாறியது. 2010-ல் ஒபாமா ஃபாட்கா சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கர்களோட கணக்கு விவரம் தராத வெளிநாட்டு வங்கிக்கு, அமெரிக்காவில் இருந்து வர்ற வருமானத்தில் 30% பிடித்தம். ஆனா 2014-ல் மத்த நாடுகள் இதே மாதிரி தங்களுக்குள்ள ஏற்பாடு செஞ்சப்ப அமெரிக்கா சேரலை. ஊருக்குத்தான் உபதேசம்!

அப்புறம் 2021. பெரிய பன்னாட்டு கம்பெனிகளுக்குக் குறைஞ்சபட்சம் 15% வரின்னு 136 நாடுகள் ஒத்துக்கிட்டாங்க. இதோட டிசைன் எனக்குப் பிடிச்சது. ஒரு நாடு வசூலிக்கலைன்னா மிச்சத்தை இன்னொரு நாடு வசூலிக்கலாம். ஒரு சர்வர் படுத்தா இன்னொன்னு வேலையை எடுத்துக்கற மாதிரி.

அமெரிக்க காங்கிரஸ் இதைச் சட்டமாக்கவே இல்லை. 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்னிக்கே டிரம்ப் இது இங்கே செல்லாதுன்னுட்டார். பதிலடி வரி மிரட்டல் வேற. ஜூன் மாசம் ஜி-7 நாடுகள் அமெரிக்க கம்பெனிகளுக்கு விலக்கு தர ஒத்துக்கிட்டாங்க. பேக்கப் சர்வரையே ஆஃப் பண்ணியாச்சு!

அப்ப எல்லாம் வீணா? இல்லை. தன் மண்ணில் சம்பாதிச்ச லாபத்துக்கு 15% வரை வசூலிக்கத் தனியா சட்டம் போட்ட நாடுகள் இருக்கு. அந்த வரியை ஜி-7 விலக்கு தொடலை. என் கட்சி இதுதான்: அடுத்தவன் கையெழுத்தை நம்பாதே, சொந்தச் சட்டத்தை நம்பு.

அதுக்கும் உள்ளூர் அரசியலில் தெம்பு வேணும். இணைய விளம்பரத்துக்கு 2016-ல் போட்ட 6% 'கூகுள் வரி'யை இந்தியா 2025 ஏப்ரல் 1 முதல் தானே எடுத்துடுச்சு. அமெரிக்கா அதை ரொம்ப நாளா எதிர்த்துட்டிருந்தது.

நம்ம சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கறதை எதிர்க்கத்தான் எந்த நாடும் இல்லை :-)